அப்பாவின் 11,000 பாட்டும் ஒரு துருப்பிடித்த போர்ட்டும்

பாம்பனில் ‘மைக் செட்காரர்’ என்றால்தான் அப்பாவைத் தெரியும். கல்யாணம், காதுகுத்து, சர்ச் திருவிழா என்று தனித்தனி பிளேலிஸ்ட்டோடு பழைய லேப்டாப்பில் 11,000 பாட்டு வைத்திருந்தார். லீவுக்குப் போன என்னிடம், “நீதான் டிஜிட்டல்ல இருக்கியேம்மா, எல்லாத்தையும் ஹார்ட் டிஸ்க்குக்கு மாத்திக் குடு” என்றார்.

இது ஒரு வேலையா? எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கைச் செருகி, மொத்தத்தையும் ‘கட்’ செய்து ‘பேஸ்ட்’ கொடுத்துவிட்டு மீன் குழம்பு சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் பாதியில் நின்றிருந்தது. யுஎஸ்பி போர்ட்டில் துரு, கேபிள் லூஸ். ரயில் பாலத்து இரும்பையே அரிக்கிற உப்புக்காற்று, இந்தச் சின்னத் தகட்டை விடுமா?

நின்ற பைலின் பெயரைப் பார்த்ததும் கை நடுங்கியது. ‘தாத்தா அம்பா’. வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டை தாத்தா பாட, அப்பா கேசட்டில் பதிந்து, பிறகு எம்பி3 ஆக்கியது. கேசட் பூஞ்சை பிடித்துப் போயாச்சு. தாத்தாவும் இல்லை. ஹார்ட் டிஸ்க்கில் அதைத் தட்டினால் நாலு நொடி பாடி நின்றது.

அப்பா எதுவும் சொல்லாமல் வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார். திட்டியிருக்கலாம்.

ஆபீஸ் நண்பனுக்கு போன் போட்டேன். “பழைய போல்டரைப் பாரு. ஒரு பைல் முழுசா போய்ச் சேர்ந்த பிறகுதான் பழைய இடத்துல அழியும்” என்றான். பார்த்தேன். முழுதாக இருந்தது!

அடுத்த முறை நல்ல போர்ட்டில், ‘காப்பி’ மட்டும். பிராப்பர்ட்டீஸில் இரண்டு பக்கமும் எண்ணிக்கை சரிபார்த்தேன். ஆனால் பிளேலிஸ்ட் ஒன்றுகூடப் பாடவில்லை. அதற்குள் இருப்பது பாட்டு இல்லை, பாட்டின் முகவரி. பாட்டு வீடு மாறிவிட்டது, பிளேலிஸ்ட்டோ பழைய ‘டி’ டிரைவ் கதவையே தட்டிக்கொண்டிருக்கிறது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ஹார்ட் டிஸ்க்குக்கு ‘எம்’ என்று நிரந்தர எழுத்து கொடுத்தேன். பென் டிரைவ் எதைச் செருகினாலும் இனி அது மாறாது. பிளேலிஸ்ட்டை நோட்பேடில் திறந்து, ரீப்ளேஸில் ‘டி’ முகவரியை எல்லாம் ‘எம்’ ஆக்கினேன். பாடியது.

ராமநாதபுரத்தில் இன்னொரு ஹார்ட் டிஸ்க் வாங்கி, அதிலும் ஒரு காப்பி போட்டேன். “இது உன்கிட்ட சென்னையில இருக்கட்டும்மா. அங்க உப்புக்காத்து கிடையாதுல்ல” என்றார் அப்பா.

என் ரூமிலிருந்து மெரினா நடந்து போகும் தூரம்தான். நான் சொல்லவில்லை.