மழை காணாச் சீமையில் மூன்று நாள்

மழையிலே பிறந்து மழையிலே வளர்ந்தவர்கள் நாம். விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டால் பால்வெட்டு இல்லை; வெட்டு இல்லையென்றால் அன்றையக் கூலியில் துண்டு விழும். அதனால் மழையை வைதே பழகிய நாக்கு நம்முடையது. ஆனால், ஒவ்வொரு மழைத் துளியையும் பொன்னாக எண்ணிச் சேர்த்து வைத்து, எட்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக மக்கள் வாழ்ந்துவரும் ஊர் ஒன்று இருக்கிறது. அதுதான் இந்தியாவின் மேற்குக் கோடியில், தார் பாலைவனத்தின் நடுவே உள்ள ஜெய்சல்மர்.

அங்கே ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாக ஏறக்குறைய 200 மில்லிமீட்டர்தான். நம் கோலாலம்பூரில் நவம்பர் மாதம் ஒன்றிலேயே அதைவிட அதிகமாகக் கொட்டிவிடும்!

எங்கள் மகனுக்குக் கல்லூரிப் படிப்பு முடியும் தறுவாய். மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இன்னும் இரண்டு ஆண்டு. வேலை, குடித்தனம் என்று ஆளுக்கொரு திசையாகப் போகுமுன் நால்வரும் ஒன்றாக ஒரு பயணம் போய்வர வேண்டும் என்பது என் துணைவியாரின் நெடுநாள் ஆசை. கடலும் மலையும் பார்த்தாயிற்று. பாலைவனம் பார்க்கலாம் என்றாள் மகள். சில ஆண்டுச் சேமிப்பு கைகொடுக்க, டிசம்பரில் புறப்பட்டோம்.

வழித்துணையாக வந்த வன்னி

கோலாலம்பூரிலிருந்து டில்லிக்கு விமானம். டில்லியிலிருந்து ஜோத்பூருக்கு ஓர் இரவு இரயில். அங்கிருந்து ஜெய்சல்மருக்கு ஏறக்குறைய 280 கிலோமீட்டர். வாடகைக் காரில் ஐந்து மணி நேரம் ஆகிறது.

போகப் போகப் பச்சை குறைகிறது. கடைசி வரை நம்மோடு வருவது முள்ளும் சிறு இலையுமான ஒரு மரம். அந்த ஊரார் அதைக் ‘கேஜ்ரி’ என்கிறார்கள். அது வேறொன்றும் அல்ல. நம் கோவில்களில் தலமரமாக நிற்கும் வன்னி மரமேதான்! அதன் தழை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீனி; நிழல் பயிருக்குக் காவல்; காய்ந்த நெற்றுக் கறியாகி மனிதனுக்கு உணவு. 1730ஆம் ஆண்டில் ஜோத்பூர் அருகே கேஜர்லி என்ற ஊரில், அரண்மனை வேலைக்காக இம்மரங்களை வெட்ட வந்தபோது, அம்ரிதா தேவி என்ற பெண்மணியும் அவரைப் பின்பற்றிய பிஷ்னோய் மக்களுமாக 363 பேர் மரத்தைக் கட்டிக்கொண்டு உயிர் கொடுத்தார்கள் என்பது வரலாறு. மரத்தை நம்பிப் பிழைத்த நமக்கு இதன் அருமை எளிதில் விளங்கும்.

பொன் நிறக் கோட்டை

ஜெய்சல்மர் கோட்டையை 1156ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கியவர் ராவல் ஜெய்சல் என்ற மன்னர். மஞ்சள் மணற்கல்லால் ஆன கோட்டை. மாலை வெயில் பட்டால் மலையே பொன்னாகிவிடுகிறது. மற்றக் கோட்டைகள் பல வேடிக்கை பார்ப்பதற்கு என்று நின்றுவிட்டன. இதனுள்ளோ இன்றும் ஆயிரக்கணக்கானோர் குடியிருக்கிறார்கள். சந்துக்குள் துணி காய்கிறது, மாடு நிற்கிறது, பாட்டி ஒருத்தி வாசற்படியில் பட்டாணி உரிக்கிறாள். 2013ஆம் ஆண்டில் ராஜஸ்தானின் மற்ற ஐந்து கோட்டைகளோடு இதுவும் உலகப் பாரம்பரியச் சின்னமானது.

படையெடுப்புகளைத் தாங்கிய இந்தக் கோட்டைக்கு ஆபத்து வந்தது எதனால் தெரியுமா? தண்ணீரால்! குடம் சுமந்த காலத்தில் செலவு சொற்பம். குழாய் வந்த பிறகு செலவு பெருகியது. சரியான வடிகால் இல்லாமல் கழிவுநீர் மலைக்குள் ஊறி, சில கொத்தளங்கள் சரிந்து விழுந்தன.

கோட்டைக்குக் கீழே கடிசர் ஏரி இருக்கிறது. பதினான்காம் நூற்றாண்டில் அமைந்த இந்த ஏரிதான் நெடுங்காலம் ஊருக்கே குடிநீர் தந்தது. படித்துறையில் உட்கார்ந்திருந்தபோது, லயத்துக் குழாயடியில் தன் தாயார் வரிசை பிடித்த கதையை என் துணைவியார் சொன்னார். வீட்டில் சொன்னால் பாதியில் எழுந்து போகும் பிள்ளைகள், அன்று முடிவு வரை கேட்டார்கள்.

ஒரே இரவில் காலியான ஊர்

மறுநாள் குல்தரா. ஜெய்சல்மரிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர். நேர் நேரான தெருக்கள், கூரையில்லாத கல் வீடுகள், நடுவே ஒரு கோவில். மனிதர் மட்டும் இல்லை. பாலிவால் பிராமணர்கள் பல நூற்றாண்டுகள் வாழ்ந்த ஊர் இது. திவானின் கொடுமை பொறுக்காமல் அக்கம்பக்கத்து 84 கிராமத்தாரும் ஒரே இரவில் போய்விட்டார்கள் என்று கதை சொல்கிறார்கள். வரிச்சுமையும் தண்ணீர்ப் பஞ்சமும் சிறுகச் சிறுகக் காலி செய்தன என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள்.

“ஓர் ஊர் முழுக்க அப்படிப் போக முடியுமாப்பா?” என்று கேட்டாள் மகள்.

முடியும் என்றேன். மூன்று தலைமுறையாக நாங்கள் இருந்த தோட்டம் கைமாறியபோது அவள் கைக்குழந்தை. கித்தா மரங்கள் சாய்ந்தன, லயங்கள் இடிந்தன, கோவில் மட்டும் சில காலம் தனியே நின்றது. ஒரே இரவில் அல்ல, ஓராண்டில் கலைந்தோம். யார் வீடு எங்கே இருந்தது, பெரட்டுக் களம் எது, ஆயாக்கொட்டகை எது என்று அந்த மணலில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினேன். மகன் அதைப் படம் எடுத்துக்கொண்டான்.

இந்தப் பாலிவால்கள் வேளாண்மையில் கெட்டிக்காரர்கள். சரிவின் அடிவாரத்தில் நீண்ட மண்கரை எழுப்பி, ஓடிவரும் மழைநீரைத் தேக்குவார்கள். நீர் நிலத்தில் ஊறி வற்றியபின், அந்த ஈரத்திலேயே கோதுமையும் கடலையும் விதைப்பார்கள். இதற்குக் ‘கடீன்’ என்று பெயர். போனவர்கள் போய்விட்டார்கள், இப்பகுதியில் கடீன்களில் இன்றும் பயிர் விளைகிறது. ஊரை விட்டுப் போனாலும் உழைப்பு அங்கேயே நின்று பலன் தருகிறது. காட்டை அழித்துத் தோட்டமாக்கிய நம் முன்னோர் கதையும் இதுதானே!

மணல்மேட்டில் ஓர் இரவு

மூன்றாம் நாள் மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள சாம் மணல்மேடுகளுக்குப் போனோம். ஒட்டகம் எழும்போது பின்னங்கால் முதலில் எழும். பிடியை விட்டால் தலைகுப்புறத்தான்! அதன் திமிலில் தண்ணீர் இருக்கிறது என்றேன். “தண்ணீர் இல்லைப்பா, கொழுப்பு” என்று திருத்தினான் மகன். படிக்க வைத்ததன் பலன்!

“உங்கள் ஊரில் எத்தனை மாதம் மழை?” என்று ஒட்டகக்காரர் கேட்டார். “எல்லா மாதமும்” என்றாள் மகள், தெரிந்த இந்தியில். அவர் நம்பவில்லை, கேலி செய்கிறோம் என்று நினைத்துச் சிரித்தார்.

இரவில் கம்பு ரொட்டி, வன்னி நெற்றுக் கறி. பிறகு கம்பளியைப் போர்த்திக்கொண்டு நால்வரும் மணலில் சாய்ந்தோம். வானத்தில் இத்தனை நட்சத்திரங்களா! பாலை என்பது பிரிவுக்குரிய நிலம் என்று நம் பழந்தமிழர் வகுத்தார்கள். பக்கத்து ஊரில் வேலை தேடப் போவதில்லை, சிங்கப்பூருக்குப் போக எண்ணம் என்று மகன் அந்த இருட்டில்தான் சொன்னான். என் துணைவியார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “மாதம் ஒருமுறை வந்துவிடு, ஐயா” என்றார்.

போக நினைப்பவர்களுக்கு

நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். பகல் இதமாக இருந்தாலும் இரவுக் குளிர் எலும்பைத் தொடும். பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் கம்பளிச் சட்டை கட்டாயம். இந்திய விசாவை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். ஆரவாரம் வேண்டாம் என்பவர்கள் சாமுக்குப் பதில் கூரி என்ற கிராமத்து மணல்மேடுகளுக்குப் போகலாம். ஒட்டகச் சவாரிக்கு ஏறும் முன்பே கூலியைப் பேசி முடித்துவிடுவது நல்லது.

அவ்வளவு தூரம் போக எல்லாருக்கும் வசதிப்படாது. பக்கத்து ஊராக இருந்தாலும் சரி, வளர்ந்த பிள்ளைகளை ஒருமுறை அழைத்துப் போங்கள். வீட்டில் பேச நேரமில்லாத பேச்சு, வழியில்தான் வாய்க்கிறது.