மின்மினி என் பொறுப்பு

வீடியோ கேம் என்றாலே எனக்கு ஆகாது. அயலில் பெடியன்கள் கைத்தொலைபேசியில் விளையாடும்போது கேட்கிற வெடிச்சத்தம்தான் காரணம். அது பொய்ச்சத்தம் என்று மூளைக்குத் தெரியும். நெஞ்சுக்குத் தெரியாது. 2009இன் முதல் மாதங்களை வன்னியில் பங்கருக்குள் கழித்த சகோதரிகளுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அப்படிப்பட்ட நான் 2020ஆம் ஆண்டு ஊரடங்கு நாட்களில், மூன்று கிழமையாக, ஒவ்வொரு பின்னேரமும் மகளுக்குப் பக்கத்தில் இருந்து ஒரு கேம் விளையாடினேன் என்றால் நம்புவீர்களா?

அந்த மார்ச் மாதம் கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் பூட்டப்பட்டன. யாழ்ப்பாணத்தில் படித்துக்கொண்டிருந்த அக்காவின் மகன் எங்கள் வீட்டில் வந்து அகப்பட்டுக்கொண்டான். அவனுடைய மடிக்கணினியும் கூடவே வந்தது. மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. இரண்டு பேரும் திரைக்கு முன்னால் குந்தியதும் நான் ஏசத் தொடங்கினேன்.

"சின்னம்மா, இதில துவக்கே இல்லை. ஒருக்கா வந்து பாருங்கோ" என்றான் அவன்.

அந்தக் கேமின் பெயர் சைல்ட் ஒஃப் லைட். கனடாவின் மொன்றியல் நகரில் உள்ள யுபிசொஃப்ட் நிறுவனத்தார் ஆக்கி, 2014 ஏப்ரலில் வெளியிட்டது. இதை இயக்கிய பற்றிக் புளூர்ட், கதை எழுதிய ஜெஃப்ரி யோஹலெம் இருவருமே, அதற்கு முன் 2012இல் வந்த ஒரு துப்பாக்கிச் சண்டைக் கேமில் வேலை செய்தவர்களாம். அதை விட்டுவிட்டு இப்படி ஒன்றைச் செய்திருக்கிறார்கள். நீர்வர்ண ஓவியம் போன்ற காட்சிகள். மெல்லிய பியானோ இசை. பாத்திரங்கள் பேசுவதெல்லாம் எதுகை வைத்த ஆங்கிலப் பாட்டாக வரும். எனக்கு அவ்வளவு ஆங்கிலம் தெரியாது. அவன்தான் வரிக்கு வரி தமிழில் சொன்னான்.

கதை 1895இல், ஒஸ்ரியாவில் தொடங்குகிறது. ஒரு கோமகனின் சின்ன மகள் அரோரா. தாய் இல்லாத பிள்ளை. ஓர் இரவு படுத்தவளின் உடம்பு குளிர்ந்துபோகிறது. இறந்துவிட்டாள் என்றே தந்தை நினைக்கிறார். ஆனால் அவள் வேறொரு நாட்டில் கண்விழிக்கிறாள். அந்த நாட்டின் பெயர் லெமூரியா. அதைக் கேட்டதும் நான் நிமிர்ந்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் தமிழ் ரீச்சர் குமரிக்கண்டம் என்று சொல்லித் தந்த அதே பெயர்! இங்கே அது ஒரு கற்பனை நாடு மட்டும்தான். உம்ப்ரா என்ற கறுப்பு அரசி அதன் சூரியனையும் சந்திரனையும் நட்சத்திரங்களையும் களவெடுத்து வைத்திருக்கிறாள். அவற்றை மீட்டு, அப்பாவிடம் திரும்பிப் போகவேண்டும் என்பதே அந்தப் பிள்ளையின் பாடு.

விளையாட்டு இரண்டு விதமாய் நடக்கிறது. ஒன்று, ஓடுவது, பாய்வது, முட்களில் படாமல் பள்ளம் தாண்டுவது. முதலில் அரோராவுக்குப் பறக்கத் தெரியாது. சிறகு பிறகுதான் கிடைக்கும். மற்றது சண்டை. அது முறை வைத்து நடக்கும். திரையின் அடியில் ஒரு கோடு. எல்லாருடைய முகமும் அதில் ஊர்ந்து போகும். கோட்டின் கடைசிப் பகுதிக்குள் நிற்கும்போது அடி வாங்கினால், செய்ய நினைத்ததைச் செய்ய முடியாமல் பின்னுக்குத் தள்ளுப்படுவார்கள். எங்கள் பக்கத்தில் ஒரே நேரத்தில் இரண்டு பேர்தான் நிற்கலாம். களைத்தவரை எடுத்துவிட்டு, வழியில் சேர்ந்த தோழர்களில் இன்னொருவரை விடலாம். ஒவ்வொரு சண்டை முடியவும் அனுபவம் கூடும், பலம் கூடும். கதை போகப்போக அந்தச் சின்னப்பிள்ளை வளர்ந்து பெரியவளாகிறாள்.

அவளோடு ஒரு மின்மினியும் போகிறது. பெயர் இக்னிகுலஸ். மகள் விசைப்பலகையில் அரோராவை ஓட்டுவாள். மின்மினியை மவுஸால் அசைக்கவேண்டும். "அம்மா, ஒரு கையால ரெண்டையும் பார்க்கேலாமல் கிடக்கு. மின்மினியை நீங்கள் பிடியுங்கோ" என்றாள். அப்படித்தான் நான் உள்ளே போனேன்.

மின்மினிக்கு வாள் இல்லை. அது யாரையும் அடிக்காது. எதிரியின் மேல் போய் ஒளியை விட்டால் அவன் வேகம் குறையும். பிள்ளையின் மேல் ஒளியை விட்டால் அவள் காயம் ஆறும். ஆனால் எந்நேரமும் எரியவிடவும் முடியாது. ஒளி தீர்ந்துபோகும். செடிகளில் இருக்கும் ஒளித்துளிகளைப் பொறுக்கித் திரும்ப நிரப்பலாம். முதல் இரண்டு நாளும் பயத்தில் விடாமல் எரித்து, வேண்டிய நேரத்தில் ஒன்றுமில்லாமல் நின்றேன். "அம்மா, கொஞ்சம் மிச்சம் வையுங்கோ" என்று மகள் சிரித்தாள். பதினொரு வருடமாய் எனக்கு ஒருவரும் சொல்லாத புத்தி அது.

ஒருநாள், தந்தை துயரத்தில் படுக்கையில் விழுந்துவிட்டார் என்று அரோராவுக்குத் தெரியவரும் இடம் வந்தது. மகள் விசைப்பலகையில் இருந்து கையை எடுத்துவிட்டாள்.

"அவள் செத்துப்போனாளெண்டு அந்த அப்பா அழுறார். ஆனா அவள் உயிரோட இருக்கிறாள். வாறதுக்குத்தான் வழி தேடுறாள். எங்கட அப்பாவும் அப்பிடியோ அம்மா?"

அக்காவின் மகன் எழும்பி வெளியே போய்விட்டான்.

2009 மே மாதம் வட்டுவாகலில், "தண்ணி எடுத்துக்கொண்டு வாறன்" என்று சனத்துக்குள் போனவர் அவர். கைக்குழந்தையாய் இருந்த இவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றேன். பிறகு சனம் என்னைத் தள்ளிக்கொண்டு போனது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஆனால் இவள் கேட்ட போதெல்லாம் "அப்பா வருவார்" என்று மட்டுமே சொல்லி வளர்த்தேன்.

அன்றைக்குத் தண்ணீர்க் கதையை முதன்முதலாக முழுதாகச் சொன்னேன். "இருக்கிறாரோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியாது பிள்ளை. தேடுறன். விடமாட்டன். ஆனா தெரியாது."

"அப்ப ஏன் வருவார் எண்டு சொன்னீங்கள்?"

"உனக்கு நித்திரை வரவேணுமெண்டு."

அவள் அழவில்லை. கணினியை மூடிவிட்டு, என் மடியில் தலையை வைத்துக் கனநேரம் படுத்திருந்தாள். நான் செய்தது சரியோ பிழையோ என்று விடியும்வரை நித்திரை இல்லை. அடுத்த நாள் பின்னேரம் அவளே வந்து கதிரையை இழுத்துப் போட்டாள். "வாங்கோ. இண்டைக்கும் மின்மினி நீங்கள்தான்."

கேமை முடித்தோம். முடிவை நான் எழுதமாட்டேன். உங்கள் பிள்ளைகளோடு இருந்து பாருங்கள். அது எங்கள் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. ஒரு விளையாட்டால் அது முடியவும் முடியாது.

மகள் இப்போது உயர்தரம் படிக்கிறாள். அவளுக்காக நான் பரீட்சை எழுத முடியாது. அவள் தாண்டவேண்டிய பள்ளங்களை நான் பாய முடியாது. பக்கத்தில் இருந்து, வருகிற துன்பத்தின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம். காயம் பட்டால் தடவி விடலாம். அதற்கு எனக்குள்ளும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருக்கவேண்டும். ஆகையால் இப்போதெல்லாம் நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், சகோதரிகளே.