வீட்டு வண்டியும் இருபது லீற்றரும்

2022 ஆம் ஆண்டிலே வான்களுக்கு வாரம் 20 லீற்றர் எனப் பெற்றோல் பங்கிடப்பட்டபோது, அடுக்களையும் படுக்கையும் பொருத்திய எமது பழைய வொக்ஸ்வாகன் வண்டி லீற்றருக்கு ஆறு கிலோமீற்றரே ஓடிற்று. யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா ஏறத்தாழ 140 கிலோமீற்றர். அங்கே அன்னையாரின் ஆண்டுத் திவசம். கணக்கு உதைத்தது.

முதலில் காபுரேற்றரையே குறை கூறினோம். பிழையோ வேறிடத்தில்! சிறிது தூரம் ஓட்டி நிறுத்தித் தொட்டுப் பார்த்தபோது பின்சில்லு ஒன்று மட்டும் கொதித்தது. பிரேக் இறுகிப் பிடித்திருந்தது. அதனைத் தளர்த்தி, ரயர்களுக்குக் காற்றடைத்து, கூரைமேலிருந்த பெட்டிகளையும், இல்லாள் முணுமுணுக்க, இறக்கி வைத்தோம். வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகுமாதலால், மணிக்கு ஐம்பதைத் தாண்டாமலே ஓட்டினோம்.

"மாட்டுவண்டியும் எங்களை முந்தும்" என்றாள், ஓமந்தை கடக்கையில்.

திவசத்துக்கு நேரத்தோடு சேர்ந்தோம். தாங்கியில் இன்னும் சிறிது பெற்றோல் எஞ்சியிருந்தது. திரும்புவதற்கு மட்டும் அடுத்த வாரப் பங்கீடு வரை காத்திருந்தோம்.