இரண்டு தோணி

சென்ற மாதம் நம் மன்றக் கூட்டத்தில் என்னை அறிமுகம் செய்துகொள்ளச் சொன்னார்கள். "காரியவட்டத்தில் கணிப்பொறி இயல் பயில்பவன், நாடகமும் கல்வெட்டும் பிடிக்கும்" என்றேன். "இரண்டு தோணியில் காலா!" என்றார் பின்வரிசை அன்பர் ஒருவர். அவை சிரித்தது, நானும் சிரித்து வைத்தேன். ஆயினும் அச்சொல் தைத்தது. சென்ற பருவத்தில் ஒரு தாளில் தோற்றவன் நான். அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

அன்று எழாத விடையை இன்று எழுதுகிறேன். கணிப்பொறிக்கு எழுத்தென்பது எண். யூனிகோடு முறையில் தமிழ்க் ககரம் 2965. மலையாளக் ககரம் 3349. இடைவெளி 384. ழகரத்துக்கும் அதே 384! மலையாளத்தில் ககரத்தை அடுத்து வரும் மூன்றெழுத்துகள் நமக்கில்லை. தமிழ் வரிசையில் அம்மூன்று இருக்கைகளும் வெறுமையாகவே கிடக்கின்றன. தம்பானூரில் பேருந்துப் பலகை படிக்கத் தெரியாமல் விழித்தவன் நான். 384-ஐக் கூட்டித் தமிழ்ச் சொற்களை மலையாள எழுத்தில் காட்டும் சிறு நிரலொன்று எழுதினேன். அவ்வழியே அவ்வெழுத்தும் வசமாயிற்று. இதில் எது எந்தத் தோணி?

இந்நகர மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்த சுந்தரம் பிள்ளை, திருவிதாங்கூர்க் கல்வெட்டுகளையும் ஆராய்ந்தார். 1891-இல் 'மனோன்மணீயம்' நாடகத்தையும் வெளியிட்டார். அவர் எங்கே, தாளில் தோற்ற நான் எங்கே!

மறுதேர்வு அடுத்த மாதம். அப்பாவிடம் இன்றிரவே சொல்லிவிடுவேன். தோணி அன்பர் ஞாயிறன்று வந்தால் நிரலைக் காட்டுகிறேன். தேநீர் அவர் செலவு.