குருதி எடுப்பதற்கு முந்தைய நாள்

நாய்க்குத் தைராய்டு பரிசோதனை என்றதும் ஊசியும் பஞ்சும் குருதிக் குழாயுமே நினைவுக்கு வருகின்றன. ஆனால், அப்பரிசோதனை நாய் வாழும் வீட்டின் சமையலறையிலும் மருந்துப் பெட்டியிலும் முன்னதாகவே தொடங்கிவிடுகிறது.

தார்வாடில் ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதியர் வீட்டில் ஏழு வயது முதோல் நாய் ஒன்று வளர்கிறது. 2005-ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டுச் சிறப்பித்த நான்கு நாயினங்களுள் முதோலும் ஒன்று. ஓட்டத்திற்கென்றே அமைந்த உடல். அந்த நாய் ஓராண்டாக ஓடுவதை விட்டிருந்தது. உணவு கூடாமலே எடை கூடியது. வாலில் மயிர் உதிர்ந்தது. வெயில் விழும் இடம் தேடிப் படுத்தது. வீட்டார் ‘வயதாகிவிட்டது’ என்றனர். அண்டை வீட்டார் ‘சோம்பேறி’ என்றனர். தமிழில் ‘மந்தம்’ என்னும் ஒரே சொல் அறிவுக்கும் நடைக்கும் வயிற்றுக்கும் வழங்குகிறது. உடலின் குறையைக் குணத்தின் குறையாகப் பெயரிட்டுவிடுவது எந்த மொழியிலும் எளிதுதான்.

கால்நடை மருத்துவர் உடனே ஊசியை எடுக்கவில்லை. அண்மையில் கொடுத்த மருந்துகள் யாவை என்று முதலில் கேட்டார். அரிப்புக்காகச் சில நாள் ஸ்டீராய்டு மாத்திரையும், காதுக்கு ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தும் கொடுத்திருந்தனர். ஸ்டீராய்டு, வலிப்புக்கான ஃபீனோபார்பிடால், சல்ஃபா வகை மருந்துகள் ஆகியன தைராக்சின் அளவைக் குறைத்துக் காட்டக்கூடியவை. வேறு நோயால் உடல் நலிந்திருந்தாலும் அவ்வளவு தாழும். சுரப்பியிலோ எக்குறையும் இராது. எனவே பரிசோதனை சில வாரங்கள் தள்ளிவைக்கப்பட்டது. வலிப்பு மருந்தை உரிமையாளர் தாமாக நிறுத்துதல் ஆபத்து என்பதையும் மருத்துவர் சேர்த்தே சொன்னார். முன்பே தைராய்டு மாத்திரை உண்ணும் நாயாக இருந்தால் கணக்கு வேறு: மாத்திரையை வழக்கம்போல் கொடுத்து, நான்கிலிருந்து ஆறு மணி நேரத்திற்குள் குருதி எடுக்க வேண்டும்.

அடுத்தது பட்டினி. உணவுக்குப் பின் குருதியில் மிதக்கும் கொழுப்பு அளவீட்டைக் குழப்பலாம்; உடன் பார்க்கப்படும் கொலஸ்டிராலுக்கும் வெறும் வயிறே ஏற்றது. இரவு உணவுக்குப் பின் சுமார் பன்னிரண்டு மணி நேரம் உணவில்லை, தண்ணீர் மட்டும் என்பது ஏற்பாடு. ஆனால் அந்த நாய்க்கு உணவூட்டும் கைகள் பல. விடியற்காலையில் பாட்டி ரொட்டித் துண்டு போடுவார். பால்காரர் ஒரு வாய்ப் பால் ஊற்றுவார். பள்ளி செல்லும் சிறுவன் பிஸ்கட் நீட்டுவான். ஆகவே, ஆயத்தப்படுத்த வேண்டியவர்கள் அவர்களே. மூவருக்கும் தனித்தனியே சொல்லப்பட்டது. நாய்க்கு மட்டும் எதையும் விளக்க இயலவில்லை. காலிக் கிண்ணத்தின் அருகே அது நெடுநேரம் அமர்ந்திருந்தது. பாட்டி அந்தப் பக்கம் வரவே இல்லை.

மூன்றாவது, எண்களைப் படித்தல். நாயின் இயல்பான தைராக்சின் அளவு மனிதருடையதைவிடக் குறைவு. டிஎஸ்ஹெச் அளவிட நாய்க்கென்றே அமைந்த சோதனை வேண்டும். எனவே மனிதருக்கான ஆய்வகத்தின் இயல்பெல்லையை நாய்க்குப் பொருத்தினால் நலமுள்ளதும் நோயாளியாகத் தோன்றும். அலகும் கவனத்திற்குரியது: டெசிலிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் தைராக்சின் என்பது லிட்டருக்கு ஏறத்தாழ 12.9 நானோமோல். இவற்றுக்கும் மேலாக, கிரேஹவுண்ட், சலூக்கி போன்ற ஓட்ட நாய்களில் தைராக்சின் இயல்பாகவே தாழ்ந்திருக்கும். முதோலும் அவ்வகை வேட்டை நாயே என்பதால் மருத்துவர் அதனை மனத்தில் வைத்துக்கொண்டார்.

முடிவு வந்தது. தைராக்சின் குறைவு, டிஎஸ்ஹெச் உயரவில்லை, கொலஸ்டிரால் இயல்பு. முதல் எண்ணை மட்டும் பார்த்திருந்தால் அன்றே வாழ்நாள் மாத்திரை தொடங்கியிருக்கும். ஆனால் நோயுற்ற நாய்களுள் சிலவற்றிலும் டிஎஸ்ஹெச் உயர்வதில்லை; ஆதலால் ‘நோயில்லை’ என்றும் மருத்துவர் எழுதவில்லை. சமநிலை டயாலிசிஸ் முறையில் கட்டற்ற தைராக்சினை அளக்கவும், இடுப்பு மூட்டுகளை எக்ஸ்-ரே எடுக்கவும் பரிந்துரைத்தார். ஓடாமைக்குக் காரணம் சுரப்பியாக இல்லாமல் வலியாகவும் இருக்கலாம் அல்லவா?

மருந்துச் சீட்டில் அன்று மாத்திரை எதுவும் இல்லை. ‘சோம்பேறி’ என்ற சொல்லை மட்டும் அந்த வீட்டார் நிறுத்திவிட்டனர்.