பதுளையின் மணம்

பிரெஞ்சு தேசத்துத் திராட்சை ஊர்கள் தம் மண்ணையும் வெயிலையும் புட்டியில் அடைத்து உலகுக்கு அனுப்புகின்றன என்பர். நம் நாட்டில் அத்தகைய பெருமைக்கு உரிய ஊர் ஊவா மாகாணத்தின் தலைநகராகிய பதுளை. இங்கே மது இல்லை, தேயிலை உண்டு.

நமுனுகுலை மலையை அண்டி நிற்கும் இந்நகரின் பழமைக்கு முத்தியங்கனை விகாரை சான்று பகரும். 1817ஆம் ஆண்டு ஊவா மக்கள் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்தனர். மறு ஆண்டே அவ்வெழுச்சி நசுக்கப்பட்டது. பின்னர் குன்றுகளில் கோப்பி ஏறிற்று. 1869இல் தோன்றிய இலைநோய் அதனை அழிக்கவே, தேயிலை அவ்விடத்தைப் பற்றிக்கொண்டது. 1924இல் புகையிரதம் பதுளையை எட்டியது. எல்லையைக் கடந்து, மலையை வளைத்து, தெமோதரை நிலையத்தின் அடியிலேயே குடைந்த சுரங்கத்தினூடே செல்லும் அப்பாதையில் பிரயாணம் செய்வதே ஓர் இன்பம். ஏறத்தாழ 64 மீற்றர் உயரத்திலிருந்து வீழும் துன்ஹிந்த அருவியும் அண்மையிலேயே உள்ளது.

ஊவாத் தேயிலையின் தனி மணத்துக்குக் காரணம் யாது? காற்றே. ஆடி முதல் புரட்டாதி வரை தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாக இப்பக்கம் இறங்குகின்றது. அவ்வறட்சியில் மெல்ல வளரும் கொழுந்திலேதான் உலகம் விரும்பும் அந்த நறுமணம் திரள்கின்றது.

ஆனால் செடி காய்ந்தால் கொழுந்தும் குறையும் அன்றோ? குறித்த நிறை சேராவிடின் பல தோட்டங்களில் முழு நாட்பெயர் கிடைப்பதில்லை. தேயிலைக்கு மணம் ஏறும் காலமும், கொழுந்தெடுக்கும் பெண்ணின் கூடை மெலியும் காலமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன.

இம்மலைகளைப் பண்படுத்திய தமிழரில் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றோர் ஆயினர். கடைசியாக எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கியது 2003ஆம் ஆண்டுச் சட்டமே. உரிமை வந்தபின்னும் உறுதியான நிலம் வரவில்லை. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் இம்மாவட்டத்து மீரியபெத்தையில் மலை சரிந்து, லயங்களை மக்களோடு மூடிற்று.

மாணவ நண்பர்கள் விடுமுறையில் பதுளைக்குச் செல்லட்டும். அருவியையும் சுரங்கத்தையும் கண்டு மகிழட்டும். அப்படியே ஒரு லயத்து வாசலிலும் சற்று நின்று, அன்றைய கூடையில் எத்தனை கிலோ சேர்ந்தது என்று கேட்டு வரட்டும். நாம் பருகும் தேநீரின் வரலாற்றில் பாதி அந்த விடையில் அடங்கியிருக்கின்றது.