ஜன்னலோரம் ஒரு துண்டு

விடியற்காலை மூன்று மணிக்குச் செங்கம் சாலையில் ஆட்டோ கிடைப்பது அரிதன்று. ரமணாசிரமப் பகுதி முழுமையாக உறங்கும் வேளை என்று ஒன்று இல்லை. மலையைச் சுற்றுவோர் யாரேனும் நடந்துகொண்டிருப்பர். சேஷாத்திரி ஆசிரமத்தருகே ஒரு தேநீர்க் கடையில் விளக்கு எரியும். நானும் என் மனைவியும் அந்த வேளையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டது, இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை, ஏறத்தாழ ஓராண்டு. அவளுக்குச் சென்னையில் ஒரு மருத்துவமனையில் சிகிச்சை. நரம்பில் ஏற்றும் மருந்து. மருந்து ஏற்றிய நாளைவிட அடுத்த நாட்களே கொடியவை என்பதை அதைக் கண்டவர் அறிவர்.

முதலில் பேருந்தில்தான் சென்றோம். குலுக்கலில் அவளுக்குக் குமட்டும். நினைத்த இடத்தில் இறங்கவும் இயலாது. மீட்டர் பாதை நாட்களில் எங்கள் ஊருக்கு வந்த ரயில்கள் அகலப்பாதைப் பணிக்காக நின்றுபோன பின், சென்னைக்கு நேரே செல்ல ரயில் இல்லாமல் பல்லாண்டுகள் கழிந்தன. 2024 மே மாதத்தில்தான், சென்னைக் கடற்கரைக்கும் வேலூர் கன்டோன்மென்ட்டுக்கும் இடையே ஓடிய மெமு ரயிலைத் திருவண்ணாமலை வரை நீட்டினார்கள். நள்ளிரவில் வந்து சேரும். நான்கு மணிக்குத் திரும்பப் புறப்படும். தொடங்கியபோது கட்டணம் ஐம்பது ரூபாய். முன்பதிவு என்பதே அதில் கிடையாது. சீட்டில் ஊர்ப்பெயர் இருக்கும். இருக்கை எண் இராது.

எண் இல்லாத சீட்டை வைத்துக்கொண்டு நல்ல இடம் பிடிப்பது ஒரு கலை. முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆசிரியப் பணி செய்த நான், ஓய்வு பெற்ற பின் கற்ற ஒரே கலை அதுதான். மேம்படியருகே நிற்கும் பெட்டியில் ஏறக்கூடாது. வருவோரெல்லாம் முதலில் அதில்தான் நுழைவர். கழிவறை வேண்டும், ஆனால் அதன் வாடை எட்டக்கூடாது. ஆகவே இரண்டாம் வரிசை. பிறகு வெயில். காட்பாடி தாண்டும்போது பொழுது விடியும். அங்கிருந்து கடற்கரை வரை ரயில் கிழக்கு நோக்கியே ஓடுகிறது. மார்கழியில் தென்புற ஜன்னல் சுடும். வைகாசியிலும் ஆனியிலும் சூரியன் வடக்கே சாய்ந்திருப்பதால் வடபுறம் சுடும். பள்ளியில் பூமியின் சாய்வைப் பற்றி எத்தனையோ ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறேன். அதன் பயனை, அவள் முகத்தில் வெயில் படாத இடம் தேடியபோதுதான் கண்டேன்.

இத்தனையும் தெரிந்திருந்தும் ஒரு கருவி இல்லாமல் ஆகாது. அதுதான் துண்டு. நம் நாட்டில் தோளில் கிடக்கும் துண்டுக்கு எத்தனையோ பயன்கள். அவற்றுள் சட்டப்புத்தகத்தில் இல்லாத ஒன்று, ஜன்னல் கம்பிகளுக்கிடையே விட்டெறிந்தால் அது ஓர் ஆளாகிவிடுகிறது. எறிந்தவர் பின்னர் மெதுவாக ஏறலாம். அந்தத் துண்டை எடுத்து அப்புறம் வைத்துவிட்டு அமர எவருக்கும் உரிமை உண்டு; எனினும் பெரும்பாலோர் அமர்வதில்லை. அரைகுறையாக மதிக்கப்படும் இந்தத் துணி நீதியை நம்பித்தான் இலட்சக்கணக்கானோர் பயணம் செய்கிறார்கள்.

இது நம் நாட்டுக்கே உரிய குறை என்று எண்ணியிருந்தேன். எங்கள் தெருவில் குளிர்காலந்தோறும் வந்து தங்கும் சுவிட்சர்லாந்து நாட்டு மூதாட்டி ஒருவர் அந்த எண்ணத்தைக் கலைத்தார். அவர் நாட்டு ரயில்களில் முதல் வகுப்புச் சீட்டு வாங்கினாலும் பெரும்பாலும் இருக்கை எண் கிடையாதாம். ஏறியவர் கண்ட இடத்தில் அமரவேண்டியதுதான். "அங்கே துண்டு போடுவார்களா?" என்று கேட்டேன். பக்கத்து இருக்கையில் கைப்பையை வைத்துவிட்டு, எவரும் வருவதைக் காணாதவர்போல் வெளியே பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்றார். தாமும் அப்படிச் செய்ததுண்டு என்று சொல்லிச் சிரித்தார். விருந்தில் முதன்மையான இடம் தேடுவோரைப் பற்றி லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன உவமை அப்போது நினைவுக்கு வந்தது. ஆனால் முன்பதிவில்லாப் பெட்டியில் கடைசி இடத்தில் போய் அமர்ந்தவனை மேலே வரும்படி அழைக்கும் வீட்டுத் தலைவர் எவரும் இல்லையே என்று என் மனம் வாதாடியதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

ஆசிரமத்தின் அண்டையில் குடியிருப்பதால், இன்னொரு ரயில் பயணத்தின் கதையும் எங்களுக்குப் பழக்கம். 1896 ஆகஸ்டு 29 அன்று வேங்கடராமன் என்ற பதினாறு வயதுச் சிறுவன், அண்ணனின் கல்விக் கட்டணத்துக்கென்று கொடுக்கப்பட்ட ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மதுரையில் ரயிலேறினான். பின்னாளில் ரமணர் என்று உலகம் அறிந்தவர் அவரே. அவன் கையிலிருந்த பழைய வரைபடத்தில் விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் பாதை இல்லை. அது புதிதாக வந்தது. ஆகவே இரண்டு ரூபாய் பதின்மூன்று அணா கொடுத்துத் திண்டிவனத்துக்குச் சீட்டு வாங்கியிருந்தான். அருகில் அமர்ந்திருந்த ஒரு மௌல்விதான் எங்கே போகிறாய் என்று விசாரித்து, திண்டிவனம் போகவேண்டியதில்லை, விழுப்புரத்திலேயே வண்டி மாறலாம் என்று சொன்னார். கையிலிருந்த காசு மாம்பழப்பட்டு வரைதான் போதுமாயிருந்தது; அப்புறம் நடை; திருக்கோவிலூர்ப் பக்கத்தில் கடுக்கனை அடகு வைத்து மீண்டும் ரயில்; செப்டம்பர் 1 அன்று எங்கள் ஊர். மற்றவர்கள் இந்தக் கதையில் வேறெதையோ கேட்கிறார்கள். என் மனைவிக்குப் பிடித்தவர் அந்த மௌல்விதான். "அந்தப் பையன் வேற பக்கம் உட்கார்ந்திருந்தா என்னங்க ஆயிருக்கும்?" என்பாள். திண்டிவனம் போயிருப்பான் என்பேன்.

2024 புரட்டாசிப் பௌர்ணமி எங்கள் மருந்து நாளை ஒட்டி வந்துவிட்டது. பௌர்ணமி இரவு எங்கள் நிலையம் எப்படி இருக்கும் என்பதை வெளியூர் அன்பர்கள் அறியமாட்டார்கள். பதினான்கு கிலோமீட்டர் வெறுங்காலோடு நடந்து முடித்தோர் நடைமேடை நெடுகிலும் படுத்திருப்பர். வண்டிக்குள் விளக்கு எரிந்ததும் அத்தனை பேரும் ஒருசேர எழுந்தார்கள். அவளை ஒரு பலகையில் அமர்த்திவிட்டு நான் ஓடினேன். அறுபத்துமூன்று வயதில் அப்படி ஓடுவேன் என்று எண்ணியதில்லை. துண்டைக் கம்பிக்குள் எறிந்துவிட்டு, திரும்பி வந்து அவளைக் கைப்பிடித்து அழைத்துப் போனேன்.

துண்டு மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. என் இடத்தில் ஒரு முதியவர் அமர்ந்திருந்தார். நெற்றியில் திருநீறு, மடியில் ஒரு மஞ்சள் பை.

"பெரியவரே, துண்டு போட்டிருந்தேனே, பார்க்கலையா?"

"பார்த்தேன் சார். ஆளைக் காணோம்."

நான் குரலை உயர்த்தினேன். என்னென்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத விருப்பமில்லை. வயதில் மூத்த ஒருவரிடம் ஓர் ஆசிரியன் பேசத்தகாத சொற்கள் அவை. அவர் பதில் பேசவில்லை. என் பின்னால் நின்றவளின் தலையில் கட்டியிருந்த துணியைப் பார்த்தார். எழுந்து நின்றார். அவ்வளவுதான். அவள் அமர்ந்தாள். வண்டி புறப்பட்டது. வெற்றி பெற்றவனைப்போல் நான் அவளருகே நின்றிருந்தேன்.

போளூர் வருமுன் அவள் என் சட்டையை இழுத்தாள். "ஏங்க, அவர் காலைப் பாருங்க." பார்த்தேன். இரு பாதங்களும் வீங்கியிருந்தன. ஒரு குதிகாலில் கசிந்த இரத்தம் காய்ந்திருந்தது. அவள் ஜன்னலோடு ஒட்டி நகர்ந்து, பக்கத்திலிருந்தவர்களையும் நகரச் சொல்லி, மூவர் இடத்தில் நால்வராக்கி அவரை அழைத்தாள். முதலில் மறுத்தார், பிறகு நுனியில் அமர்ந்தார். வாலாஜா ரோடு வரை இருவரும் பேசிக்கொண்டே வந்தார்கள். அவருடைய மனைவிக்கும் அதே நோயாம். சென்ற ஆண்டு போய்விட்டாளாம். அவளுக்காக வேண்டிக்கொண்ட கிரிவலத்தை இப்போதுதான் முடிக்க முடிந்ததாம். இறங்கும்போது மஞ்சள் பையிலிருந்து இரண்டு வாழைப்பழங்களை எடுத்து அவள் கையில் கொடுத்தார். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நான் திரும்பக் கும்பிட்டேனா என்பது நினைவில்லை.

2025 தை மாதத்தில் அவள் இறைவனடி சேர்ந்தாள்.

அதன்பின் பல மாதங்கள் நான் எங்கும் செல்லவில்லை. பெரம்பூரிலிருக்கும் மகள் வற்புறுத்தி அழைக்கவே, ஒரு மார்கழி விடியலில் மீண்டும் அந்த ரயிலுக்குப் போனேன். கூட்டம் அதிகமில்லை. மேம்படியைத் தாண்டிய பெட்டி, இரண்டாம் வரிசை, வடபுறம். ஜன்னலோரத்தில் துண்டை விரித்துவிட்டு, நான் அதன் பக்கத்தில் அமர்ந்தேன்.

போளூரில் ஒரு கிராமத்து அம்மாள் ஏறினார். மகளின் பிரசவத்துக்குப் போகிறவர்போலும். துணிப்பையிலிருந்து வற்றல் மணம் வந்தது. ஜன்னலோர இடத்தைக் காட்டி, "ஆள் இருக்காங்களா?" என்றார்.

"வராங்க," என்றேன்.

பொய் சொல்கிறோம் என்ற உணர்வே அந்தக் கணத்தில் எனக்கு இல்லை. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆரணி ரோடு போயிற்று. கண்ணமங்கலமும் போயிற்று. வேலூரில் நிறையப் பேர் ஏறினார்கள்; அவர்களுள் எவரும் அந்த இடத்துக்கு வரவில்லை என்பதைக் கவனித்துவிட்டு, கோபமில்லாமல், தெரிந்துகொள்ளும் பொருட்டுக் கேட்பவர்போல் கேட்டார்:

"உங்க ஆளு எந்த ஊர்ல ஏறுவாங்க சார்?"

என்னிடம் விடையில்லை. துண்டை எடுத்தேன். "உட்காருங்கம்மா," என்றேன். அவர் என்னைக் கடந்து போய் ஜன்னலோரம் அமர்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, கம்பியில் தலை சாய்த்த மாத்திரத்தில் உறங்கிப்போனார். மடித்த துண்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நெடுநேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

காட்பாடி தாண்டியதும் வெயில் வந்தது. அவர் முகத்தில் படவில்லை. எதிர்ப்புறத்து ஜன்னல்களில்தான் விழுந்தது.